மிளகாய் படாத கிறிஸ்துமஸ் குழம்பு

கறிக்கடை பாய் நான் வாய் திறக்கும் முன்பே கழுத்துக்கறியை எடுத்துக் கட்டிவிட்டார். நான் போனது தொடைக்கறிக்கு. “அண்ணனுக்குன்னு எடுத்து வெச்சதுங்க்கா. வருசா வருசம் கிறிஸ்துமசுக்கு மொத ஆளா வந்துருவாரே, ஒடம்புக்கு ஏதும் சரியில்லீங்களா?” என்றார். ஆவணியிலேயே நீங்கள் போய்ச் சேர்ந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கூட்டம் நெருக்குகிற கடையில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

“இந்தத் தடவ நான் வந்தேன் பாய்” என்று பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். நல்லூர் வீதி முழுக்க உங்கள் மேல்தான் கோபம். இருந்தவரைக்கும் இந்தக் கிறிஸ்துமஸ் குழம்பு ஒன்றுக்கு மட்டும் என்னை அடுப்பை நெருங்க விட்டதில்லை. இப்போது கறியை மட்டும் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

மகள் பத்தாவது படித்த வருடம் கம்பெனி உங்களைப் பனியன் சாம்பிள் பெட்டியோடு அயர்லாந்துக்கு அனுப்பியது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நம் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நீங்கள். அந்தப் பெருமையைக் கடைசிவரை வைத்துச் செலவழித்தீர்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி வாங்குகிற கம்பெனிக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு கிண்ணம் ஐரிஷ் ஸ்டூ கொடுத்திருக்கிறார். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், உப்பு, மிளகு, ஏதோ ஒரு வாசனைத் தழை. வேறொன்றும் இல்லை.

“அந்த ஊர்ல அது ஒண்ணுமில்லாதவன் சாப்பாடு. ஆனா வாயில வச்சதும் நம்ம வீட்டு ஞாவகம் வந்துட்டு ட்டி” என்றீர்கள். மிளகாயே இல்லாத குழம்பில் எந்த வீட்டு ஞாபகம் வந்தது என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதிலிருந்து எல்லாக் கிறிஸ்துமசுக்கும் அதுதான். ஷிப்மெண்ட் அவசரத்திலும் அரை நாள் லீவைப் பிடுங்கிக்கொண்டு, ஆராதனை முடிந்து வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்துவிடுவீர்கள். குக்கருக்குத் தடை. “இது முணுமுணுத்துத்தான் வேகணும். சத்தம் கேக்கக்கூடாது” என்பீர்கள். கிழங்கு உரித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அந்த ஊர்த் தழையில் ஓமவல்லி வாசனை வந்ததாம், அதனால் அடுத்த வீட்டுத் தொட்டியில் நாலு இலை கேட்டுப் போவீர்கள். “ஏனுங்ண்ணா, நல்ல நாளும் அதுவுமா ஆருக்குச் சளி?” என்று அந்த அக்கா கேட்பதும் வருடா வருடம் உண்டு.

கடைசியில் ஒரு கரண்டி எடுத்து ஜன்னலோரம் போவீர்கள். கம்பெனியில் துணியின் நிறத்தைச் சாம்பிளோடு ஒத்துப் பார்க்கிற அதே முகம். ருசி பார்த்துவிட்டு, “பாஸ்” என்பீர்கள். யாருக்குப் பாஸ் என்று கேட்டால், “ஒரிஜினலத் தின்னவன் நான் ஒருத்தன்தான? நான் சொன்னா சரி” என்று பதில் வரும்.

போன வாரம் மகள் சென்னையிலிருந்து பேசினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு முதல் கிறிஸ்துமஸ். “அப்பா ஸ்டூ வைப்பியாம்மா? அவர்ட்ட அதச் சொல்லித்தான் கூட்டிட்டு வாரேன்” என்றாள். பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். பயம்தான். நான் வைத்து அது வராமல் போனால், அது உங்களோடு போய்விட்டது என்று ஆகிவிடும். வைக்காமலே விட்டால் அப்படி ஒன்று தெரியாமலாவது இருக்கும். கழுத்துக்கறியை விட்டுவிட்டு, சாதாரணக் குழம்புக்குத் தொடைக்கறி வாங்கப் போனதே அதனால்தான்.

பாய் கொடுத்ததை என்ன செய்வது, அடுப்பில் ஏற்றினேன். பாதிக் கிழங்கு கரைய வேண்டும், பாதி முழுசாக நிற்க வேண்டும் என்பது தெரியும். இரண்டாவது பாதியை எப்போது போடுவீர்கள்? வாய்விட்டே கேட்டேன். பக்கத்து யூனிட்டில் லீவு, ஒரு தையல் மெஷின் சத்தம்கூட இல்லை. வெகுநேரம் ஆகியும் குழம்பு தண்ணீராகத்தான் கிடந்தது. மனசு விட்டுப்போய், மசாலாப் பொடியைப் போட்டு ஊர்க் குழம்பாக்கிவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். திறந்து, மூடி வைத்தேன். தீயை இன்னும் குறைத்துவிட்டு, உங்களைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் மாப்பிள்ளை இரண்டு வாய் சாப்பிட்டார். தட்டையும் என்னையும் பார்த்தார். “அத்தை, ஊறுகா ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார், பாவம், அவ்வளவு மரியாதையாக. மகள் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. உங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்த்தேன். “அப்பா வச்ச மாதிரியே இருக்கும்மா” என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா அம்மா கோயம்புத்தூரில் காத்திருக்கிறார்கள், சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது வீடு ஹோவென்று இருந்தது. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. மிச்சக் குழம்பைச் சுடவைத்து, தனியாக உட்கார்ந்தேன்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, சரியாக வந்திருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. உப்பு அளவு, கிழங்கு நிற்கிற பதம், எல்லாம். அயர்லாந்துக்காரி எப்படி வைப்பாளோ எனக்குத் தெரியாது, உங்கள் குழம்பு எனக்குத் தெரியும். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. குழம்பு வராமல் போய்விடுமோ என்றுதானே காலையிலிருந்து பயந்தேன்? வந்துவிட்டது. இனி உங்களிடம் கேட்பதற்கென்று எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.