எனக்குச் சொல்லாத வீக்கம்

ஜூன் 12

தலையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். போன வாரம் மழைத் தண்ணீரில் வண்டி சறுக்கியதில், பின்னால் உட்கார்ந்திருந்த நான் மட்டும் விழுந்தேன். ஓட்டிய இவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. எலும்பில் அடி இல்லையாம். ஆனாலும் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இன்னொரு ஸ்கேன். டாக்டர் அறைக்குள் இவரும் என் தம்பி பூபாலனும் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணும் இல்லக்கா, அடிபட்ட வீக்கம்தான்" என்று பூபாலன் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

மகள் ஷோபனாவின் கல்யாணத்துக்கு இன்னும் ஜவுளி எடுக்கவில்லை. ஆவணி வந்துவிடும்.

ஜூன் 19

கத்திரிச் செடிக்கு மருந்தடிக்க ஆள் வரவில்லை. நானே அடித்தேன்.

ஜூன் 24



மதியம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். அட்மிஷனுக்கு எப்போது வருகிறீர்கள், டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். எதற்கு அட்மிஷன் என்றேன். டாக்டரையே கேளுங்க என்று மழுப்பினாள். விடாமல் கேட்டதும் மெதுவாகச் சொன்னாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சுவர் மெலிந்து பலூன்போலப் புடைத்திருக்கிறது. அடிபட்டதால் வந்ததில்லை, முன்பே இருந்தது. வெடித்தால் உயிருக்கு ஆபத்து. தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம்.

யாரிடம் சொன்னீர்கள்?

"உங்க வீட்டுக்காரர்கிட்டதாம்மா."

என் தலைக்குள் இருப்பது என்னைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியும்! இத்தனை நாளும் நான் புல்லுக்கட்டைத் தலையில தூக்கிகினு, முதுகுல டாங்க்கைக் கட்டிகினு மருந்தடிச்சிகினு... பார்த்துகினு இருந்தாரே. சும்மா பார்த்துகினு!

ஜூன் 25

மாட்டுக்கொட்டகையில் கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"முகூர்த்தம் முடியட்டும்னுதான். மூளையில வியாதின்னு தெரிஞ்சா சம்பந்தி வூட்ல இன்னா நெனைப்பாங்க?"

"அதுக்குள்ள நான் செத்தா?"

 தீவனத் தொட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் வெளியே வந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டாராம். பரம்பரை வியாதி என்று பேர் வருமென்று பயந்து, இல்லை என்று பூபாலன் சொன்னானாம். இல்லையா? "தலை பொளக்குதுடி"ன்னு நாத்தங்கால்ல விழுந்தாளே எங்க அம்மா, அவ யாரு? சாயந்திரம்வரை மூச்சு இருந்தது. காத்து அடிச்சிடுச்சுன்னு விபூதி பூசிகினு இருந்தாங்க. அவனும் பக்கத்துலதானே நின்னான்?

ஜூன் 26

பூபாலன் போன் செய்துகொண்டே இருக்கிறான். எடுக்கவில்லை.

ஜூன் 28

ஷோபனாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மின்சார ரயில் ஏறினேன். மணவூர் ஸ்டேஷன்வரை அழுகை. அப்புறம் அதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்தவன், ஆண்கள் யாரும் கூட வரவில்லையா என்று கேட்டான். "தலை என்னுதுங்க. அதான் நான் வந்துகிறேன்" என்றேன்.

டாக்டர் படத்தைக் காட்டி விளக்கினார். மண்டையைத் திறக்க மாட்டார்களாம். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, தலைவரை ஏற்றி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக நிரப்பி அடைப்பார்கள். ரத்தம் அதற்குள் போகாது, வெடிக்காது. அதிலும் ஆபத்து உண்டு. சிலருக்குக் கை கால் இழுத்துக்கொள்ளும், அபூர்வமாக உயிரும் போகும். மறைக்காமல் சொன்னார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்றார். மகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.

"என்னை உள்ள கூப்ட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"ஆமாங்க, கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

தேதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 1

ஷோபனா, மாப்பிள்ளை கௌதமனிடம் தானே சொல்லிவிட்டாள். இவர் கத்தினார். அவள் கத்தவில்லை.

"என் கல்யாணத்துக்காக அம்மாவ சாக வுடுன்னு நான் எப்ப நைனா கேட்டேன்?"

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 5

ஜாதகம் இடிக்கிறதாம். தரகர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நிச்சயத்தன்று எல்லாப் பொருத்தமும் இருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னதும் இதே ஆள்தான். கௌதமன் அவள் போனை எடுப்பதில்லை.

ஷோபனா வீட்டிலிருந்த போர்வையெல்லாம் எடுத்துப்போட்டுத் துவைத்தாள். இவர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ நான் கெடுத்ததைப் போல. பார்க்கட்டும்.

ஜூலை 8

நாளைக்குக் கம்பி வைக்கிறார்கள். பயமாக இருக்கிறது. கோபத்தில் இவ்வளவு நாள் தெரியவில்லை.

ஜூலை 14

வீட்டுக்கு வந்துவிட்டேன். வலது தொடை கன்றி நீலமாக இருக்கிறது. தலைக்குள் கம்பி இருப்பதாகத் தெரியவே இல்லை. கண் விழித்ததும் பேர் கேட்டார்கள். அனுசுயா என்று சரியாகச் சொன்னேனாம்.

இவர் ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கிடந்தாராம், ஷோபனா சொன்னாள். இன்றைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"கல்யாணம் மட்டும் இல்ல. உள்ள போனா நீ திரும்பி வரமாட்டியோன்னு பயந்துட்டேன்."

கஞ்சியைக் குடித்தேன். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே. இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகஸ்ட் 28

கல்யாணத்துக்குக் குறித்திருந்த நாள். ஷோபனாவுக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தோம்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, ஷோபனாவின் அப்பா யார், டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள். இவர் எழுந்திருக்கவில்லை. "பொண்ணு இங்கதான் கீது. அதுகிட்டயே சொல்லச் சொல்லுங்க" என்றார். ஷோபனா தனியாக உள்ளே போனாள். நானும் இவரும் வெளியே உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்தவள், ஒன்றும் இல்லையாம், ஐந்து வருஷம் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதுமாம் என்றாள். பசிக்கிறது என்றாள்.

ரயிலில் வரும்போது பூபாலனுக்குப் போன் செய்தேன். ஜூன் மாதத்துக்கு அப்புறம் அவனிடம் இன்றைக்குத்தான் பேசுகிறேன். "நீயும் ஸ்கேன் எடுத்துக்கடா" என்று மட்டும் சொன்னேன். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.  நான் போனை வைக்கவில்லை.