இத்தா முடிந்த பிறகு வந்த சேதி

1942 ஜூலை 20
காலேஜில் இன்டர் பையன்களுக்கு இன்று பாடத்தில் இல்லாததைச் சொன்னேன். ஒளிவேகத்தை நெருங்கி ஓடுகிறவனின் கடிகாரம் நமக்கு மெதுவாகத் தெரியும். அவனுக்கோ நம்முடையதுதான் மெதுவு. "அப்ப யாருது சார் சரி?" என்றான் ஒருத்தன். ரெண்டும் சரி என்றேன். தூரத்தில் இருப்பவனுக்கும் நமக்கும் பொதுவாக ஒரு 'இப்போது' கிடையாது என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

நிசார் இருந்தால் சிரித்திருப்பான். என் தங்கை அன்வரியைக் கட்டுவதற்கு முந்தியே எனக்கு தோஸ்த். ரங்கூன் தோல் கிடங்கு வேலைக்கு ரயில் ஏறும்போதுகூட, "வேகமா போறவனுக்கு வயசாகாதுன்னியே மஹபூப், திரும்பி வந்து உன்னைத் தாத்தான்னு கூப்புடறேன் பாரு" என்றான். ரங்கூனில் குண்டு விழுந்ததிலிருந்து கடுதாசி இல்லை. அன்வரி தினமும் கண்ணுக்கு சுர்மா இட்டுக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 9
மாதனூர் ரத்தினசாமி வந்தான். நிசாரின் கிடங்கில் மேஸ்திரி. பர்மாவிலிருந்து நடந்தே வந்திருக்கிறான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "மலைவழியில வாந்திபேதி சார். பிப்ரவரி கடைசி. நான்தான் மண்ணு தள்ளினேன்."

எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 11
மே மாதம் ஒரு கல்யாணத்தில் அன்வரி கை நிறைய மருதாணி வைத்துக்கொண்டாள். அதையே சொல்லிச் சொல்லி அழுகிறாள். "அப்பவே அவரு மண்ணுக்குள்ளயா அண்ணா? நான் சிரிச்சுக்கினு இருந்தேனே." வகுப்பில் அவ்வளவு பேசின நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 13
பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டோம். விதவை துக்கம் காக்கும் இத்தா நாலு மாசம் பத்து நாள். அது புருஷன் செத்த நாளிலிருந்து ஓடுமாம், சேதி வந்த நாளிலிருந்து இல்லையாம். ஆக, அவளுக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது. வளையலோடு, மருதாணியோடு. இது இன்னா கணக்கு?

தோல்ஷாப் முதலாளி வாஹித் பாஷா அங்கேயே ஆரம்பித்துவிட்டார். "முடிஞ்சிருச்சு இல்ல? என் தம்பியும் பொண்டாட்டி இல்லாம பேஜார்ல இருக்கான். நோன்புக்கு முந்தி நிக்காஹ்வ முடிச்சிடலாம்." வாப்பா இல்லாததால் சம்மதம் சொல்லவேண்டியவன் நான். நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையது.

ஆகஸ்ட் 14
அன்வரி வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள். "உங்க கணக்குல அவரு பிப்ரவரில செத்தாரு. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் செத்தாரு. நான் இத்தா உக்காரப்போறேன். இதை நீ அவங்ககிட்ட சொல்லுவியா, மாட்டியா?"

ஆகஸ்ட் 15
சொன்னேன். "ஹஸ்ரத்தைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?" என்றார் வாஹித் பாஷா. ஹஸ்ரத்தே குறுக்கிட்டார். "நிக்காஹ்வுக்கு அந்தப் பொண்ணு சம்மதம் வேணும் பாஷா. இல்லைன்னா இல்லைதான்."

வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 2
வேறொருத்தர் தோல்ஷாப்புக்குப் பின்பக்கம் ஒற்றை அறை. ஊறப்போட்ட தோலின் நாற்றம் சோற்றிலும் இறங்குகிறது. பாதி அறைக்குப் படுதா. அந்தப் பக்கம் அவள். 'வெள்ளையனே வெளியேறு' கலாட்டாவில் காலேஜும் மூடிக்கிடக்கிறது. என்ன பிழைப்பு இது.

அக்டோபர் 12
பெருநாள். படுதாவுக்குப் பின்னால் அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவன் என் தோஸ்த்தாச்சே — ஏன் வரலை எனக்கு? கல்லா நான்?

டிசம்பர் 17
இத்தா முடிந்து அன்வரி குளித்துவிட்டு வெளியே வந்தாள். வெளுத்துப்போயிருந்தாள். துணி தைத்துக் கொடுக்கப் போகிறாளாம். "எனக்கு முடிஞ்சிடுச்சு அண்ணா" என்றாள். 'உனக்கு?' என்று கேட்பதுபோலப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

1943 ஜனவரி 8
காலேஜ் லைப்ரரியில் ஒரு பழைய விஞ்ஞானப் பத்திரிகை. வானத்தில் மிக உயரத்தில் உண்டாகும் ஒருவகைத் துகள்கள், நம் கணக்குப்படி வழியிலேயே செத்துப்போகவேண்டியவை. ஆனால் ஓடுகிற வேகத்தில் அவற்றின் நேரம் மெதுவாகி, பலவும் தரை வரைக்கும் உயிரோடு வந்துவிடுகின்றன. அளந்தே பார்த்திருக்கிறார்கள். அட, இதை உடனே நிசாருக்குச் சொல்லணும் என்று பத்திரிகையோடு எழுந்துவிட்டேன்.

கதவு வரைக்கும் போனேன்.

பியூன் சம்பத் ஓடிவந்து தரையிலிருந்து என்னைத் தூக்கினான். "இன்னா சார் ஆச்சு? ஏன் இப்படி அழுவுறீங்க? யாராவது தவறிட்டாங்களா?"

ஆமாம் என்றேன்.

"எப்ப சார்?"

"இப்பதான்" என்றேன்.