குடைக்காரன் கவிதை

ஜனவரி 6, திங்கள்

கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தட்சணாமூர்த்தி போன். உப்பள முதலாளி, கவிஞர், மரக்காணம் பன்மொழிக் கவியரங்கத்துக்குத் தலைவர். "ஏம்மா யுவராணி, நெல்லூர்லேர்ந்து ஒரு கவிஞர் அம்மா வர்றாங்க. அவங்க படிச்சதும் நீ தமிழ்ல படிக்கணும். வீட்ல தெலுங்கு பேசுறவதானே நீ?"

போன வருஷம் அதே மேடையில், என் தெலுங்குக் கவிதை பாதியில் இருக்கும்போது மைக்கைப் பிடுங்கியவர். "இது தெலுங்கும் இல்ல, தமிழும் இல்ல, கலப்படம்" என்றார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அம்மா, பட்டுப்புடவையில். அன்றிலிருந்து அம்மா வீட்டில்கூடத் தெலுங்கு பேசுவதில்லை. என்னிடமும்.

சரி என்றேன். சும்மாவா சொன்னேன்?

ஜனவரி 9

நெல்லூர் அம்மாவின் கவிதை வாய்ஸ் மெசேஜில் வந்தது. ஆற்றைப் பற்றி. நல்ல கவிதைதான். அதை நான் படிக்கப் போவதில்லை. அதன் தமிழாக்கம் என்று சொல்லி நானே எழுதிய ஒன்றைப் படிப்பேன்.

ஜனவரி 11

எழுதிவிட்டேன். குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு வரும் ஒருவன், உப்பு வாரும் பெண்ணிடம் நாக்கை நீட்டச் சொல்கிறான் — எந்த ஊர் நாக்கு என்று பார்க்க. அப்படிக் குடையோடு வருவது யாரென்று உப்பளத்தில் கேட்டால் தெரியும். மேடையில் அவன் மூஞ்சி செத்துப்போகணும். எனக்கு அது போதும்.

ஜனவரி 18

கவியரங்கம். தட்சணாமூர்த்தி முகத்தையே பார்த்துக்கொண்டு படித்தேன். உறைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். வந்திருந்ததெல்லாம் சென்னை, பாண்டிச்சேரிக்காரர்கள், அவர்களுக்குக் குடையைப் பற்றி என்ன தெரியும்? எழுந்து நின்று கை தட்டினார்கள். பொன்னாடை நெல்லூர் அம்மாவுக்கு. தமிழ் தெரியாத அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வயிறு எரியுது. கவிதையும் போச்சு, பழியும் போச்சு. கீழே இறங்கியதும் "அந்தத் தாளைக் குடும்மா" என்று வாங்கிக்கொண்டான்.

பிப்ரவரி 2

போகிற மேடையில் எல்லாம் அதைத்தான் படிக்கிறானாம். திண்டிவனம், இரும்பை என்று ஊர் ஊராக. படிக்கட்டும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

உப்பளத் தொழிலாளர் ஆண்டு விழா. வரமாட்டேன் என்ற அம்மாவை இழுத்துக்கொண்டு போனேன். சிறப்பு விருந்தினர் அவன். உருகி உருகிப் படித்தான். குடை வந்த இடத்தில், உப்பு வாரும் சவரியம்மாள் அக்கா முதலில் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாக. அவனுக்குக் குடை பிடிக்கும் ஐயப்பன் ஓரமாக நின்றிருந்தான், அவனுக்கும் அடக்க முடியவில்லை. ரசிக்கிறார்கள் என்று நினைத்து அந்த வரியை இன்னொரு தரம் படித்தான். பாதியில் நின்றான். ஐயப்பனைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மீதியும் படிங்க ஐயா" என்றார்கள். படித்தான்.

வீட்டுக்குத் திரும்பப் பெருமுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா அவனைத் தெலுங்கில் திட்ட ஆரம்பித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணிக்கவில்லை.