நேர்ச்சை இல்லாத நடை

மைசூர் போக மகள் டிக்கெட் எடுத்துவிட்டாள். நேற்றுக் காலை சாப்பிட்டு முடித்ததும் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர்களின் பட்டியல். ஏசி வண்டியில் ஒரே நாளில் பதினாறு இடம். அதற்குக் கீழே, வழிகாட்டியோடு நடந்து பார்க்க இரண்டரை மணி நேரம். "ஒங்க முட்டுவலிக்கு வண்டிதாம்மா செரி" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் பார்க்கப் பார்க்க நடையையே அமுக்கினேன். அந்தக் கோபம் உன்னுடையது, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

அஞ்சாம் வகுப்பு வரை நமக்கு ஒரே பெஞ்சு. பிறகு நான் டீச்சராகி பஸ்ஸில் போனேன். நீ தலையில் மீன் நிறைந்த ஓலைக் கடவத்தோடு முட்டம் கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கு நடந்தாய், முப்பது வருஷம். நெஞ்சுவலி வந்த பிறகு, துபாயில் இருக்கும் மகன் சொன்னான் என்று கடவத்தை இறக்கி வைத்தாய். ஒரு வருஷம் வீட்டோடு கிடந்துவிட்டு ஒரு நாள் என்னிடம் வந்தாய். "ஏட்டி, கொச்சிய நடந்து பாக்கணும். வாறியா?"

தெருவே கேட்டது, "எந்தக் கோயிலுக்கு நேர்ச்ச?" என்று. நம் ஊரில் ஒரு பெண் நடந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை இருக்கவேண்டும். சும்மா பார்ப்பதற்காக நடப்பாளா? மெதுவாக நடக்கலாம், மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர்கூட ஒத்துக்கொண்டார். உன் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. கார் பிடித்துத் தருகிறேன், அதில் இருந்தே பார்த்துவிட்டு வாருங்கள் என்று போனில் கத்தினான். "முப்பது வருசம் வெயில்ல நடந்தப்போ ஒருத்தரும் கார் பிடிச்சுத் தரல்லியே மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினோம். நான் வாசித்தேன், நீ தள்ளினாய். மூன்று மணி நேரத்தில் பத்து இடம் என்றது ஒன்று. "அது நடையில்ல, ஓட்டமாக்கும்." இன்னொன்றில் ஒரு கூட்டத்துக்கு இருபத்தைந்து பேர். "பின்னால நிக்கவளுக்கு என்னத்தக் கேக்கும்?" மூன்றாவதில் எட்டுப் பேர், நான்கே இடம். வழிகாட்டி கொச்சியின் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். அவளுக்கு நீயே போன் போட்டாய். "மோளே, எடையில இருக்கதுக்கு எடம் உண்டா?" அவள் யோசிக்காமல் ஒரு டீக்கடை பெஞ்சையும், ஒரு மரத்தடியையும், மிளகுக் கிட்டங்கி ஒன்றின் வாசற்படியையும் சொன்னாள். "இவ நடந்தவ. நடந்தவளுக்குத்தான் இருக்க எடம் தெரியும்" என்றாய். முடிந்தது தேர்வு.

கொச்சியில் நடைக்குப் புறப்பட்ட காலையில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். நடை என்றாலே கோயிலுக்கு என்று பழகிய கால், செருப்பை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. பாதி வழியில்தான் நீ கவனித்தாய். தெரு என்றும் பாராமல் ஏசினாய். "போய் செருப்பப் போட்டுட்டு வாட்டி. இது நேர்ச்ச இல்ல. மாதாவுக்கும் இல்ல, பிள்ளைக்கும் இல்ல. இது எனக்காக்கும்." அந்த வழிகாட்டி சிரித்துக்கொண்டே எனக்காகக் காத்து நின்றாள்.

நான்கு மாதம் கழித்து, மதியம் படுத்தவள் நீ எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு வந்த உன் மகன் என்னிடம் சொன்னான், "நீங்க நடக்க வச்சதுனாலதான் டீச்சர், அம்ம சீக்கிரம் போயிட்டாவ." நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையாக இருக்குமோ என்று பல நாள் உள்ளுக்குள் வெந்தேன். உன்னை யாரால் நடக்க வைக்க முடியும், யாரால் நிறுத்த முடியும் என்பது மெல்லத்தான் எனக்கு உறைத்தது.

உன் வருஷ நினைவுப் பூசை முடிந்து சாப்பாட்டுப் பந்தியில், சொந்தக்காரர்கள் முன்னால், அதையே திரும்பவும் சொன்னான். இந்தத் தடவை நான் இலையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மக்கா, ஒங்கம்ம ரெண்டு கையும் வீசி நடந்து நீ பாத்திருக்கியா?"

அவன் யோசித்தான். அவனுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் உன் ஒரு கை கடவத்தைத் தாங்கிக்கொண்டு மேலேயே இருந்தது.

"நான் பாத்தேன்" என்றேன். "அதுக்கு ஒங்கிட்ட நான் மாப்பு கேக்க மாட்டேன்."

இன்றுவரை கேட்கவில்லை. இதை எழுதும்போதும் மட்டாஞ்சேரியின் அந்த ஒடுங்கிய தெருவில் இரண்டு கையும் வீசிக்கொண்டு நீ எனக்கு முன்னால் போகிறாய். "ஏட்டி, மெதுவா போ" என்று நான் கத்துகிறேன். நீ திரும்பியே பார்க்கவில்லை.