அகெல்லோவுக்கு நான் சொன்னது

12 மே 1984, சனி

புக்கெகோஹியில் நாங்கள் வெங்காயம் பொதி செய்யும் இடத்தில் புதிதாக ஓர் ஆப்பிரிக்கப் பெண். முணுமுணுத்தபடி பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் - அலூர் பாஷையில்! உகண்டாவில், நெப்பியில் ஏழு வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு அது தெரியாதா? அலூரிலேயே பேர் கேட்டேன். பையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அகெல்லோ. சயீர் அகதி முகாமிலிருந்து ஒரு தேவாலயம் கூட்டிவந்ததாம். பத்து வயது மகள் இன்னும் அங்கே, தங்கையிடம். எட்டு மாதமாக அவள் பாஷையில் கதைக்க இங்கே ஒருவரும் இல்லை.

6 ஜூன், புதன்

அகெல்லோவுக்கு வயிற்றுவலி. மொழிபெயர்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் மூடி மறைக்கவில்லை. புற்றுநோய், முற்றிவிட்டது. மகளைப் பார்ப்பதென்றால் இந்த மாதமே போகட்டும், பிறகு விமானம் ஏற முடியாது. டிக்கெட்டைத் தேவாலயம் எடுத்துத் தரும்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஆட்கள் இதை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்வார்களா?

"வயிற்றில் புண். மெல்லத்தான் ஆறும்" என்றேன்.

"ஆறியதும் மகளை இங்கே கூப்பிடலாமா?"

தலையாட்டினேன். போகிறாளா என்று டொக்டர் கேட்டார். யோசிக்கிறாளாம் என்றேன்.

"அஃபோயோ" என்றாள். எனக்கு நன்றி சொல்கிறாள்!

7 ஜூன்

இவரிடம் சொன்னேன். "நல்லதுதான் செய்தனீர். உள்ளதைச் சொன்னா மனமுடைஞ்சு போயிருப்பா" என்றார். 

23 ஜூன், சனி

இன்று சொல்லிவிடத்தான் தகனினியில் அவள் வீட்டுக்குப் போனேன். அகெல்லோ மகளுக்கென்று பழைய கட்டில் ஒன்று வாங்கித் துடைத்துப் போட்டிருக்கிறாள். அவள் உடுப்பெல்லாம் தொளதொளவென்று கிடக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2 ஜூலை

மாதம் முடிந்துவிட்டது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

17 ஜூலை, செவ்வாய்

வலி தாங்காமல் அகெல்லோவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சொன்னேன். டொக்டர் வைத்த கெடுவையும் சேர்த்துத்தான். கத்துவாள் என்று பயந்தேன்.

"அப்போது என்னால் நடக்க முடிந்ததே" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

ஓடிப்போய் டொக்டரைக் கேட்டேன். இனிப் பயணம் இல்லையாம். ஐயோ, நான் என்ன வேலை செய்துபோட்டன்!

30 ஜூலை

தெரிந்த நாலு இங்கிலீஷ் சொல்லை வைத்து நர்ஸோடு கதைக்கிறாள். என்னோடு இல்லை.

14 ஆகஸ்ட், செவ்வாய்

வெள்ளிக்கிழமை அகெல்லோவின் அடக்கம் முடிந்தது.

மகளுக்குச் செய்தியைக் கசெட்டில் பேசி அனுப்பச் சொன்னார் பாதிரியார். அலூர் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. 'அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை' என்று தொடங்கிவிட்டேன். இந்தப் பழக்கம் விடுகிறதா! அழித்துவிட்டு மறுபடி பேசினேன். உன் அம்மா செத்துப்போனாள். உன்னிடம் வர அவளுக்கு நாள் இருந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. என் பேரையும் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைக்கு உதெல்லாம் ஏன்?" என்றார் இவர்.

கசெட்டைப் போட்டு உறையை ஒட்டினேன்.