ஆறு வருஷமா, எட்டு வருஷமா

2008 நவம்பர் 12, புதன்

சியோலிலிருந்து மியொக் கடல்பாசி நாற்பது பெட்டி கேட்டிருக்கிறார்கள். பூசான் கருவாட்டுச் சந்தையில் நல்ல மியொக் எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். தலையில் அலுமினியச் சட்டியோடு தெருத் தெருவாக நெத்திலி விற்றவளுக்கு இது போதும்.

இன்று தாசோமுக்குப் பிறந்தநாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்தநாள் காலையில் என் கடைப் பாசியில் சூப் கொதிக்கும். என் மகளுக்கு இல்லை. நாளைக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு. பாசி வழுக்கும், அதைக் குடித்துவிட்டுப் போனால் தேர்வில் வழுக்கி விழுவாள் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வைக்கவில்லை.

"பாசி விக்கிற வீட்டுலயே பாசிக்குத் தடையா?" என்று சிரித்தாள்.

2008 டிசம்பர் 10, புதன்

மதிப்பெண் வந்துவிட்டது. மருத்துவத்துக்குப் போதாது. கொஞ்சத்தில் போதாது, அதுதான் எரிகிறது. நிறைய குறைந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

2009 பிப்ரவரி 1, ஞாயிறு

உயிரியலில் இடம் கிடைத்திருக்கிறது. நல்ல பல்கலைக்கழகம், வீட்டிலிருந்து பேருந்தில் போகலாம். தாசோம் அதில் சேர்கிறேன் என்கிறாள். நான் இன்னொரு வருஷம் படித்து மறுபடி தேர்வு எழுது என்கிறேன். இன்று நெத்திலி தரம் பிரித்துக்கொண்டே இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

அவள் சொல்வது இது. முன்பு மாதிரி டாக்டராக ஒரே வழி இல்லை. பள்ளி முடித்ததும் நேராகப் போனால் ஆறு வருஷம். இல்லையென்றால் எந்தப் பட்டத்தையாவது நாலு வருஷம் படித்துவிட்டு, அதற்கென்று ஒரு தேர்வு எழுதி, பட்டதாரிகளுக்கான மருத்துவப் பள்ளியில் நாலு வருஷம். சில பல்கலைக்கழகங்களில் இரண்டு வழியும் உண்டு, சிலவற்றில் பட்டதாரி வழி மட்டும்தான்.

"ஆறா எட்டா? எது பெரிசுன்னு எனக்குத் தெரியாதா?"

"அம்மா, மறுபடி எழுதுற வருஷத்தையும் சேர்த்து எண்ணுங்க. ஏழு. அதுவும் கிடைச்சாத்தான். கிடைக்கலேன்னா இன்னொண்ணு. அந்த வருஷம் முழுக்க எனக்கு அதே கணக்கு, அதே ஆங்கிலம். உயிரியல் படிச்சா, டாக்டர் ஆகலேன்னாலும் கையில ஒரு பட்டம் இருக்கும்."

"ஆகலேன்னாலும்னு ஏண்டி சொல்ற?"

"நீங்க பெட்டி வாங்கும்போது மேல் வரிசையை மட்டுமா பாப்பீங்க? அடியில கை விட்டுப் பாக்க மாட்டீங்க?"

என் சந்தைக் கணக்கை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். பதினெட்டு வயதில் ஒரே நாள், ஒரே தேர்வில் பிள்ளையைத் தரம் பிரிப்பது விடியற்காலை ஏலம் மாதிரி. மீன் துள்ளும்போதே விலை சொல்லிவிட வேண்டும். பட்டதாரி வழி என்பது காயவைத்துப் பார்த்து, சல்லடையில் சலித்து, அப்புறம் வாங்குவது. வாங்குகிறவனுக்கு இரண்டாவதுதான் நல்லது. எனக்கே தெரிகிறது.

ஆனால் என் பயம் வேறு. இது அரசாங்கம் நாலைந்து வருஷத்துக்கு முன் திறந்த கடை. பழைய கடைக்காரர்களுக்கு, அதாவது மருத்துவப் பேராசிரியர்களுக்கு, பிடிக்கவில்லை என்று செய்தித்தாளிலேயே வருகிறது. கடைக்காரனுக்கே பிடிக்காத கடை எத்தனை நாள் ஓடும்? சந்தையில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு இது கூடவா தெரியாது?

2009 பிப்ரவரி 6, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கே நானே இதை வேறு மாதிரி நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

சேர்க்கைப் பணம் கட்டக் கடைசி நாள் இன்று. நாலு மணிக்குள். தாண்டினால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். தாசோம் காலையில் சீட்டைக் கையில் கொடுத்தாள். "கடையிலேர்ந்து பேங்க் ரெண்டு நிமிஷம்தானே, நீங்களே கட்டிடுங்கம்மா." சண்டைக்குப் பிறகு நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்றரைக்குப் போனேன். நம்பர் சீட்டு எடுத்தேன், 214. எனக்கு முன்னால் ஐந்து பேர். உட்கார்ந்தேன். பலகையில் 214 எரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

பக்கத்துக் கணவாய்க் கடை கும்சில் அக்கா சில்லறை மாற்ற வந்திருந்தாள். "ஏய் தாசோம் அம்மா, உன் நம்பர் எரியுது பாரு!" என்றாள். "என்னோடது இல்லக்கா" என்றேன். கையில் நம்பர் சீட்டைக் கசக்கிக்கொண்டே.

நாலு அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன், கூட்டம், வரிசை நகரவே இல்லை என்று. அவள் கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை. "சரி. மறுபடி எழுதுறேன்" என்று அறைக்குள் போனாள்.

நல்லதுக்குத்தான் செய்தேன். நல்லதுக்குத்தானே?

2009 பிப்ரவரி 9, திங்கள்

மறுதேர்வுப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். அங்கே வரிசையே இல்லை.

2009 ஜூன் 20, சனி

அவள் விட்ட இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பட்டியலில் அடுத்த பெயர். போன் வந்ததும் எப்படிக் குதித்திருப்பாள். ஏன் இதை நினைக்கிறேன்?

2009 நவம்பர் 12, வியாழன்

இந்த வருஷம் பிறந்தநாளும் தேர்வும் ஒரே நாள். சூப் இல்லை. வாசலில் நின்று, "பரவாயில்ல, பழகிடுச்சு" என்றாள்.

2009 டிசம்பர் 9, புதன்

போன வருஷத்தை விட நாலு மதிப்பெண் அதிகம். மருத்துவத்துக்குத் தேவையும் அதே அளவு ஏறிவிட்டது.

2010 மார்ச் 2, செவ்வாய்

அதே பல்கலைக்கழகம். அதே உயிரியல். ஒரு வருஷம் தாமதம். இந்த முறை பணத்தை அவளே கட்டினாள். சீட்டை என்னிடம் காட்டக்கூட இல்லை.

2010 ஜூலை 2, வெள்ளி

நான் சொன்னது பலித்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, சரியாகச் சொன்னதற்கு என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பட்டதாரி வழியை வைத்துக்கொள்வதும் பழையபடி ஆறு வருஷத்துக்குத் திரும்புவதும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம் என்று அரசு அறிவித்துவிட்டது. முக்கால்வாசி திரும்பிவிடும் என்கிறார்கள். உடனே மூடவில்லை, ஏற்கெனவே படிப்பவர்களுக்குச் சில வருஷம் அவகாசம். இரண்டு வழியும் வைத்திருக்கும் பள்ளிகள் கடைசியாக 2014இல் பட்டதாரிகளை எடுக்கும். அதற்குப் பிறகு மிச்சம் கொஞ்சம்தான்.

தாசோம் பட்டம் வாங்குவது 2014இல். ஒரே ஒரு முறைதான் முட்டிப் பார்க்கலாம். போன வருஷமே சேர்ந்திருந்தால் இரண்டு முறை.

அந்த ஒரு வருஷத்தை யார் எடுத்தது?

கடை மூடப் போகிறது என்று தெரிந்தவள், பிள்ளையைச் சீக்கிரம் உள்ளே அனுப்பியிருக்க வேண்டும். நான் வாசலில் பிடித்து வைத்தேன். சந்தையில் வேறு எவளாவது இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். "சாப்டியா?" என்றுதான் வந்தது.

2012 மே 15, செவ்வாய்

மணிக்கட்டு வலி. ஆஸ்பத்திரியில் இரண்டு பயிற்சி டாக்டர்கள் பார்த்தார்கள். ஒருவன் கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இன்னொருவன் "தினம் எத்தனை பெட்டி தூக்குவீங்கம்மா, எந்தக் கைல?" என்று கேட்டான், தூக்கிக் காட்டச் சொன்னான். இவன்தான் உலகம் பார்த்துவிட்டு வந்தவன், பட்டதாரி வழி என்று முடிவு கட்டிவிட்டேன். நர்ஸிடம் கேட்டேன். நேர் மாறு. பெட்டி கேட்டவனுக்கு இருபத்தைந்து வயது, பள்ளியிலிருந்து நேராக வந்தவன். கணினிக்காரன் கப்பல் கட்டும் தளத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவனாம்.

நெத்திலியைக் கண்ணை மூடிக்கொண்டு தரம் பிரிப்பேன். இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத சரக்குக்குத்தான் அன்றைக்கு விலை வைத்தேன்.

தாசோமிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சொன்னாள், "வழி என்னவா இருந்தா என்னம்மா. எனக்கு ஆய்வுக்கூடம் பிடிச்சிருக்கு. ஆனா மனுஷங்களைப் பாக்கறதுதான் இன்னும் பிடிக்கும்னு இங்க வந்துதான் தெரிஞ்சுது. பதினெட்டு வயசுல ஏன் டாக்டர்னு கேட்டிருந்தா, உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லியிருப்பேன்."

2013 ஆகஸ்ட் 25, ஞாயிறு

பட்டதாரிகளுக்கான மருத்துவத் தேர்வு எழுதினாள். கேட்டதற்கு "எழுதியிருக்கேன்" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கடையில் ஒரே பெட்டியை மூன்று முறை எண்ணினேன்.

2013 நவம்பர் 12, செவ்வாய்

பிறந்தநாள். மூன்று நாளில் நேர்முகம். பாசியை ஊறவைத்துவிட்டு, எடுத்துக் கொட்டிவிட்டேன். கும்சில் அக்கா பார்த்துவிட்டு, "நீ ஒரு பைத்தியம்டி, பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு" என்றாள்.

2013 டிசம்பர் 16, திங்கள்

கிடைத்துவிட்டது. நாலு வருஷம். முடிக்கும்போது அவளுக்கு இருபத்தேழு ஆகிவிடும். ஆகட்டும்.

காலையில் நான் செருப்பு மாட்டும்போது சேர்க்கைச் சீட்டை நீட்டினாள்.

"அம்மா, நீங்களே போய்க் கட்டிடுங்க. நாலு மணிக்குள்ள."

"நானா?"

"கடையிலேர்ந்து ரெண்டு நிமிஷம்தானே."

"கூட்டமா இருந்தா..."

"இருந்தா உக்காருங்க. போன தடவையும் உக்காந்துதானே இருந்தீங்க. நம்பர் எரிஞ்சா இந்தத் தடவை எழுந்திருங்க, போதும்."

சொல்லிவிட்டு பல் துலக்கப் போய்விட்டாள். கும்சில் அக்காவுக்கு வாயில் எதுவும் நிற்காது. எப்போது சொன்னாளோ. அன்றைக்கே சொல்லியிருப்பாள். ஐந்து வருஷமாகவா இந்தப் பெண் வாய் திறக்கவில்லை?

பேங்க் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். நம்பர் 1. எரிவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றேன். "உக்காருங்கம்மா, இன்னும் கம்ப்யூட்டரே போடல" என்றாள் கவுண்டர் பெண். உட்காரவில்லை.

ஒன்பது பத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தாள். மை காயும்வரை பையில் வைக்கவில்லை.

கடையைத் திறக்காமல் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் நல்ல பாசி ஒரு கட்டு இருந்தது. ஊறவைத்தேன், மாட்டிறைச்சி போட்டுக் கொதிக்கவிட்டேன். பிறந்தநாள் போய் ஒரு மாதம் ஆகிறது. அவள் மூன்று கிண்ணம் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.