பெரட்டுக்களத்தில் அப்பா சொன்னது

றக்வான,
ஆடி மாதம், 2007

அன்புள்ள அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல சுகந்தினி எழுதுகிறேன். ஒரு விசயத்தை மட்டும் மாற்றி எழுதும்படி அப்பா சொன்னார், அம்மா கூடாது என்கிறார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். இனி வருவது அம்மாவின் பேச்சு.

அன்பு மகன் சதீசுக்கு, நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், கொழும்பில் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க மாரியம்மாளைக் கும்பிடுகிறேன். இங்கே மழை விடவில்லை, சுகந்தினிக்கு இருமல். உங்கள் பக்கம் சுற்றிவளைப்பு என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அடையாள அட்டை இல்லாத பிள்ளை அங்கே எப்படிப் படுத்து எழும்புகிறதோ என்றுதான் நினைப்பு. அட்டைக்கு விண்ணப்பம் அனுப்பத் தோட்டத்துரையின் கையெழுத்து வேண்டும் என்று நீ எழுதியதும் அப்பா ஆபீசுக்கு நடையாய் நடந்தார், நாளைக்கு வா என்றே சொன்னார்கள். கங்காணி நல்லையாதான், "மொறைச்சிக்கிட்டு நின்னா எவன்யா போடுவான், சின்ன துரைக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லேன், அவரு பெரிய துரைகிட்ட வாங்கித் தருவாரு" என்று சொல்லிக் கொடுத்தார். என் குழம்பைக்கூட ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொல்லாத மனிதர், அவருக்கு அது எங்கே வரும்? சனிக்கிழமை காலை வேலை பிரிக்கிற நேரம், பெரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்க, சின்ன துரையிடம் போய், "எங்களுக்கு நீங்கதாங்க பெரிய துரை" என்று சொல்லிவிட்டார். பெரிய துரை ஜீப்பை விட்டு இறங்கிப் பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. அவருக்குத் தமிழ் நன்றாக விளங்கும். "அப்ப நான் யாருடா, வாட்சரா?" என்றார். கொழுந்தெடுக்கிற பெண்கள் சிரித்தார்கள், நானும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டேன், மகனே. சின்ன துரை முகம் கறுத்து, "பலயன், பலயன்" என்று சிங்களத்தில் அப்பாவை விரட்டினார்.

திங்கட்கிழமை அப்பா அதே இடத்தில் பெரிய துரை முன்னால் போய் நின்று கையெழுத்துக் கேட்டார். "அன்னைக்கு அவருக்குச் சொன்ன, எனக்கு என்ன வச்சிருக்க? எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு" என்றார் துரை. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நீங்க எங்க சாமிங்க" என்றார். கேக்கல என்றார் துரை. அப்பா மறுபடியும் சத்தமாகச் சொன்னார். துரை ஜீப்பின் மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், இத்துடன் வருகிறது.

நல்லையாவைப் பார்த்து, துரைமாருக்குப் பந்தம் பிடிச்சே பொழைக்கிற கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தானே நீ கொழும்புக்குப் பஸ் ஏறினாய். அதை அப்பா மறக்கவில்லை. அதனால்தான், கேட்டவுடனே துரை போட்டுக் கொடுத்தார் என்று எழுதச் சொல்கிறார். நீ தெரிந்தும் தெரியாதவனாய் இரு. அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில் சொல்லாதே. அட்டை வந்ததும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள், கண்ட நேரத்தில் வெளியில் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்குக் கட்டாயம் வா, வந்ததும் முதலில் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடு. ஆத்தா உன் கூடவே இருப்பாள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
இலட்சுமி

அண்ணா, இது நானாக எழுதுவது. இப்போதுதான் அப்பா வந்து தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். சாமிங்க என்ற இடத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது. கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். திருப்பித் தந்துவிட்டார். இந்த வரியை அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன், அப்பா லைட்டை அணைத்துவிட்டார்.